செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை

தலைவர் அவர்களுக்கும், ஆட்சிக்குழுவினருக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், இன்னும் கட்டாத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சித்திரைப் புத்தாண்டு வழிபாடு நடந்தது. ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்த்தோம், மழை இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அன்னதானம் தவறவில்லை. தீபாவளிப் பலகாரப் பொட்டலங்கள் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1860-ல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரைதொட்ட நவம்பர் 16-ஐ வழக்கம்போல் நினைவுகூர்ந்தோம். தைப்பூசக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தமிழ் வகுப்பு நடக்கிறது; பிள்ளைகள்தான் குறைவு. மண்டபக் கூரையின் ஒழுகல் அடைக்கப்பட்டது.

குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது சனிக்கிழமைக் கணக்கியல் வகுப்பு. "சாமி கும்பிடவும் தமிழ் படிக்கவும் வைத்த சங்கத்தில் கணக்குப் பாடம் எதற்கு?" என்று நடுவாண்டுக் கூட்டத்தில் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் விடை சொல்லும்வரை இருக்கவில்லை. ஆகவே இங்கே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பொருளாளர் பதவிக்கு அறுபது வயதுக்குக் கீழே உள்ள ஒருவரிடமிருந்தும் மனு வரவில்லை. டர்பனின் இந்தச் சாட்ஸ்வொர்த் பகுதியில் கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் என்று முப்பது ஆண்டுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். கடை, பேருந்து, துணி ஆலை என எங்கு போனாலும் பேரேடு எழுத நம் ஆள் ஒருவர் இருந்த காலம் அது. இன்றைய பிள்ளைகள் சோம்பேறிகள் என்பது கூட்டத்தில் கிடைத்த விளக்கம். குழு அதை ஏற்கவில்லை. விசாரித்தால் காரணங்கள் வேறு.

முதல் கதவு ஒன்பதாம் வகுப்பின் முடிவிலேயே அடைபடுகிறது. பத்தாம் வகுப்புக்கு ஏழு பாடங்கள். இரண்டு மொழிகள், கணிதம் அல்லது எளிய நடைமுறைக் கணக்கான மேத்ஸ் லிட், வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷன் ஆகிய நான்கும் கட்டாயம். விருப்பப்பாடத்துக்கு மிஞ்சுவது மூன்றே இடம். டாக்டர் கனவு உள்ள வீட்டில் இயற்பியலும் உயிரியலும் இரண்டைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது இடத்துக்குக் கணக்கியல், புவியியல், கணினி, சுற்றுலா எல்லாம் போட்டி போடும். மதிப்பெண் சுலபமாக வரும் பாடம் எதுவோ அது ஜெயிக்கும். கணக்கியல் அந்தப் பெயர் எடுத்த பாடம் அல்ல.

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் கணக்கியல் தனிப் பாடமாக இல்லை. பொருளியல், தொழில்முனைவோடு சேர்ந்து இ.எம்.எஸ். என்ற ஒரே பாடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதை நடத்தும் ஆசிரியர் பொருளியல் படித்தவராக இருந்தால் பேரேட்டுப் பகுதி பருவக் கடைசிக்குத் தள்ளப்படும். பற்று, வரவு எதற்கு என்று புரியாமலே பிள்ளை கட்டங்களை நிரப்பிப் பழகுகிறது. வங்கிக் குறுஞ்செய்தியில் "கிரெடிட்" என்றால் பணம் ஏறியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் வங்கிக் கணக்கில் பணம் ஏறினால் "டெபிட்". வங்கி தன் ஏட்டிலிருந்து பேசுகிறது, நம் பணம் அதற்குக் கடன் என்று யாராவது ஐந்து நிமிடம் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் பிள்ளை தனக்குப் புத்தி போதவில்லை என்று முடிவுகட்டி, பாடத்தையே விட்டுவிடும்.

அடுத்து பள்ளிக்கூடம். ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தவை. கணக்கியல் வகுப்பு சிறுத்து, ஆசிரியரும் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுவது அரிது. அடுத்த ஆண்டு விருப்பப்பாடப் படிவத்தில் அந்தப் பாடமே இருக்காது. நாடு முழுவதும் 2016-ல் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மாட்ரிக்கில் கணக்கியல் எழுதியவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்; 2019-ல் எண்பதாயிரம் அளவுக்கு இறங்கியது. பிறகு ஓரளவு ஏறினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை.

பி.காம் கணக்கியலில் சேரப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மாட்ரிக் கணக்கியலைக் கேட்பதில்லை, கணிதத்தைத்தான் கேட்கின்றன என்பது உண்மை. இதைக் கேட்டுவிட்டு "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பாடத்தை விடுகிறவர்கள் பலர். பல்கலைக்கழகத்தின் முதல் சில வாரங்களிலேயே, மூன்றாண்டு பள்ளியில் படித்த பக்கத்து இருக்கைக்காரரோடு ஓட வேண்டியிருக்கும்போதுதான் விலை தெரியும். மேத்ஸ் லிட் எடுத்தவருக்கோ சி.ஏ. பட்டப்படிப்பின் கதவே திறக்காது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைகிறது என்று கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு மாற்றும் பெற்றோர் அந்தக் கையெழுத்துக்கு முன் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பிறகு சி.ஏ. பாதையின் நீளம். பட்டத்துக்கு மூன்றாண்டு, சி.டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் பட்டமேற்படிப்புக்கு ஓராண்டு, ஆர்ட்டிகிள்ஸ் என்னும் அலுவலகப் பயிற்சி மூன்றாண்டு. நடுவில் பட்டயக் கணக்காளர் கழகமான சைக்கா நடத்தும் முதல் தேர்வு, ஆர்ட்டிகிள்ஸ் காலத்தின் பிற்பகுதியில் அதன் இறுதித் தேர்வு. எங்கும் தவறாமல் வந்தால் ஏழாண்டு. அதிகம் பேர் விழுவது சி.டி.ஏ. ஆண்டில். நான்கு பெரிய பாடங்களை ஒரே ஆண்டில் தாண்ட வேண்டும், கட்டணமும் அதிகம். ஆர்ட்டிகிள்ஸின் முதலாண்டில் கிடைப்பது கிடங்கில் சரக்கு எண்ணுவதும், விலைப்பட்டியலைப் பேரேட்டோடு ஒப்பிட்டு டிக் போடுவதும். அதே வயதில் மென்பொருள் வேலைக்குப் போன நண்பன் கார் வாங்கியிருப்பான். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் நன்றாகவே போடுகிறார்கள்.

இந்த நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சி.பி.ஏ. எனும் கணக்காளர் உரிமத்துக்குப் பல்கலைக்கழகப் பாட அளவாக 150 கல்வி மணி வேண்டும் என்பது பொதுவிதியாக இருந்தது. நான்காண்டுப் பட்டம் தருவது 120 அளவே. மீதி 30-க்காக இன்னோர் ஆண்டுக் கட்டணமா என்று மாணவர்கள் ஒதுங்கினார்கள். 2025 ஜனவரியில் ஓஹையோ மாநிலம் இளங்கலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் தேர்வும் போதும் என்ற மாற்றுவழியைச் சட்டமாக்கியது. இங்கே அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. ஆனால் சி.ஏ. ஒன்றுதான் கணக்கியல் என்பதில்லை. சைப்பா, சைமா, ஏ.சி.சி.ஏ. ஆகிய மற்றக் கணக்காளர் அமைப்புகளின் வழிகள் உண்டு; சிறு நிறுவனங்களின் வரி வேலையில் சைப்பா உறுப்பினர்கள் நிறையவே இருக்கிறார்கள். நம் வீடுகளில் "சி.ஏ. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்ற பேச்சு போய்த் தொலைந்தால் நல்லது.

நம்பிக்கை போனதையும் சொல்லியாக வேண்டும். 2017 டிசம்பரில் ஸ்டைன்ஹாஃப் நிறுவனம் கணக்கு மோசடியால் சரிந்தது. அதன்பின் நம் பக்கத்துச் சர்க்கரை நிறுவனமான டொங்காட் ஹியூலெட். மூதாதையர் கரும்பு வெட்டிய மண்ணை விற்ற வருமானத்தை, விற்பனை முடியும் முன்பே கணக்கில் ஏற்றியது 2019-ல் வெளியே வந்து, பழைய கணக்குகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இதையெல்லாம் தணிக்கையாளர் பார்க்கவில்லையா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்த வகுப்பு நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

வகுப்பு எப்படி நடந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். பாடப்புத்தகத்தின் கற்பனைக் கடையை விட்டுவிட்டு, பெயர்களை மறைத்த நம் சங்கத்தின் வரவு செலவுச் சீட்டுகளையே கொடுத்தோம். சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எண்ணிட வேண்டும். ரசீதுப் புத்தக அடிக்கட்டையிலிருந்து வரவுக் குறிப்பேடு, செலவுச் சீட்டிலிருந்து செலவுக் குறிப்பேடு, அதன்பின்தான் வங்கி அறிக்கையைக் கையில் எடுக்கலாம். ஒவ்வொரு வரியாக டிக் போட்டுவந்தால் இரு பக்கமும் ஒட்டாமல் சில நிற்கும். வங்கி எடுத்த சேவைக் கட்டணம், ரொக்கம் கட்டியதற்கான கட்டணம் ஆகியவற்றை நம் ஏட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசி நாளில் அனுப்பி அடுத்த மாதம் வந்துசேர்ந்த பணத்தைச் சரிகட்டும் பட்டியலில் காட்டினால் போதும்.

நம் கணக்கில் அதிகம் தொல்லை கொடுத்தது ஒரே தொகையை இருமுறை எழுதுவது. உறுப்பினர் பணம் அனுப்பிய சான்றை வாட்ஸ்அப்பில் காட்டுவார். கையில் ரசீது கிழித்துக் கொடுக்கப்படும். அதே தொகை வங்கி அறிக்கையைப் பார்த்தும் ஏறும். சான்றின் படம் பணம் அல்ல. வங்கியில் விழுந்த பிறகே ரசீது என்பது இனி விதி. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம்மாறியதா என்று முதலில் பாருங்கள்: 540-ஐ 450 என எழுதினால் 90 இடிக்கும். இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேடுங்கள், பக்கம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். மண்டபத்துக்குக் கட்டும் உடைப்பு முன்பணம் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பினருக்குத் தேர்வுப் பயிற்சியும் உண்டு. 2020 முதல் இரண்டு வினாத்தாள், தாளுக்கு 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். கணக்குப் போடுவதில் விடுவதைவிட "கருத்துக் கூறுக" என்ற வினாக்களில் மதிப்பெண் அதிகம் பறிபோகிறது. கடனை உடனுக்குடன் அடைக்கும் வசதியைப் பற்றி "நீர்மைத்தன்மை நன்று" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. விகிதத்தின் பெயர், போன ஆண்டு எண், இந்த ஆண்டு எண், அது ஏறியது நல்லதா, ஏன் என்று ஐந்தும் ஒரே வரியில் வர வேண்டும்.

எல்லாம் மென்பொருளே செய்துவிடும், இந்தப் படிப்பு எதற்கு என்போருக்கு ஒன்று. சேஜ், ஜீரோ போன்றவை வங்கி வரிகளைத் தாமே இழுத்துக்கொள்ளும். ஆனால் "பூஜை" என்ற ஒற்றைச் சொல்லோடு வந்த பணம் நன்கொடையா, மண்டப வாடகையா, சந்தாவா என்பதை மனிதர்தான் தொலைபேசியில் கேட்டறிய வேண்டும்.

இனி நிதிநிலை. வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். மின்சாரமும் கூரையும் எதிர்பார்த்ததைவிட விழுங்கின. மண்டப வாடகை கைகொடுத்தது. விவரம் வேண்டுவோர் பொருளாளர் பொறுப்பைத் தற்காலிகமாகப் பார்க்கும் ஐயாவிடம் ஏட்டைப் பார்க்கலாம். கூட்டத்தில் கத்துவதைவிட அது சுலபம்.

நன்கொடைக்கு 18ஏ ரசீது கேட்டு வருவோருக்கு ஒரு விளக்கம். வழிபாடு, காவடி, அன்னதான உபயம் போன்ற சமயப் பணிக்கான நன்கொடைக்கு வரிச்சட்டத்தின் 18ஏ பிரிவில் கழிவு கிடையாது. கல்வி, நலப்பணி போன்றவற்றுக்கே உண்டு, அதுவும் அதற்கான ஒப்புதல் பெற்ற நிதிக்கு மட்டும். சந்தா நன்கொடையே அல்ல. 2023 மார்ச் முதல் அந்த ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், இருந்தால் வரி எண், தொடர்பு விவரம், ரசீதின் தனி எண் எல்லாம் இருக்க வேண்டும். "அம்மா பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் முடியாது. இந்தக் காரணத்துக்காகச் செயலாளர்மீது கோபித்துக்கொண்டு விலகிய குடும்பங்கள் திரும்ப வரலாம். சட்டத்தை எழுதியது செயலாளர் அல்ல.

சந்தா பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை, ஆனால் நீள்கிறது. பட்டியலில் உள்ள குடும்பங்களில் பாதிக்கு மேல் பாக்கி. நினைவூட்டல் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழுகிறது, பணம் விழுவதில்லை. மண்டபத்தை உறுப்பினர் சலுகைக் கட்டணத்தில் கல்யாணத்துக்குக் கேட்கும்போது மட்டும் உறுப்பினர் எண் நினைவுக்கு வருகிறது. குழுக் கூட்டங்களுக்கு வராதவர்களின் பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை. வருகைப் பதிவேடு மண்டப வாசல் மேசையில் திறந்தே இருக்கிறது.

கஞ்சிக்குப் பால் தந்தவர்கள், பந்தல் கட்டிய தம்பிகள், சமையலறை அக்காமார்கள், மண்டபத்தைப் பெருக்கியவர்கள், அச்சிட்டுத் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

வரும் ஆண்டு எளிதாக இருக்காது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997-ன் என்.பி.ஓ. சட்டப்படி நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் முடிவுக்குள், நிதியறிக்கை தயாராக வேண்டும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் தகுதிபெற்ற கணக்கு அலுவலரின் எழுத்து அறிக்கை வேண்டும். நவம்பர் முடிவுக்குள் எல்லாம் என்.பி.ஓ. இயக்ககத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் முதலில் அறிவிப்பு, பிறகு பதிவு நீக்கம்; அது நடந்தால் வங்கிக் கணக்கை வைத்திருப்பதே சிரமம். இதுவரை கணக்கு அலுவலராகக் கையெழுத்திட்ட பெரியவர் வயது கருதி ஓய்வு கேட்கிறார். தொழில்முறை அமைப்புகளில் உறுப்பினரான நம் பிள்ளைகள் உம்லாங்காவிலும் ஜோஹானஸ்பர்கிலும் பெரிய அலுவலகங்களில் இருப்பதைத் தீபாவளி வாழ்த்துகளில் பார்க்கிறோம். சங்கத்தின் ஏடு சிறியது; நம் ஆட்கள் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தால் ஒரு வார இறுதிக்கு மேல் ஆகாது. பெற்றோர் வீட்டில் பேசும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கணக்கியல் வகுப்பைத் தொடர்வதா என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். செயலாளர் தொடரத் தயார். ஆனால் சீட்டுகளை அடுக்கிப் பழகிய பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் பொருளாளருக்கு உதவியாளராக வர விரும்புகிறார்கள்; உதவி செய்ய அங்கே ஒரு பொருளாளர் இருக்க வேண்டும். வேட்புமனுப் படிவம் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்மொழிபவரும் வழிமொழிபவரும் சந்தா பாக்கி இல்லாதவராக இருக்க வேண்டும். இன்று பாக்கியைக் கட்டுவோர் வங்கிக் குறிப்பில் உறுப்பினர் எண், குடும்பப் பெயர், "சந்தா" என்ற சொல், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள்.

பணிவுடன்,
செயலாளர்