பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனவர்கள்

அன்புள்ள மாமா,

தெப்பக்குளம் படியில் பிள்ளைகளை உட்கார வைத்து நீங்கள் சொன்ன ஃபிளானன் தீவுக் கதையை, கலங்கரை விளக்கக் காவலர்கள் மூன்று பேரைப் பேய் கொண்டுபோன கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சின்னவன் அன்று ராத்திரி தனியாகப் படுக்க மாட்டேன் என்று ஒரே அடம். கதை சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் தொடாத சாப்பாடும் கவிழ்ந்த நாற்காலியும் 1912-இல் ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரிட் கிப்சன் எழுதிய கவிதையில் இருப்பவை. காவலர்கள் அழுதார்கள், ஜெபித்தார்கள் என்று வீடியோக்களில் காட்டுகிற நாட்குறிப்பும் பிற்பாடு சேர்த்த சரக்குதான்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, லூயிஸ் தீவிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் கிடக்கிறது அந்தப் பாறைத் தீவு. கலங்கரை விளக்கத்தை ஏற்றியதே 1899 டிசம்பரில்தான். மறு வருஷம் டிசம்பர் 15 காலை 9 மணியோடு, காவலர்கள் குறிப்பு எழுதும் சிலேட்டில் எழுத்து நின்றுவிட்டது. காவலர்களை மாற்ற வரும் ஹெஸ்பரஸ் கப்பல், கடல் கொந்தளிப்பால் தாமதித்து, 26-ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது.

அதில் வந்து முதலில் ஏறிப் போன மாற்றுக் காவலர் ஜோசப் மூர் பார்த்தது என்ன? வாசல் கேட் சாத்தியிருந்தது. அடுப்பு அணைந்து நாளாகியிருந்தது. சமையல் பாத்திரங்கள் கழுவி வைத்திருந்தன. விளக்குக்கு எண்ணெய் நிரப்பி, லென்ஸைத் துடைத்து, பொழுது சாய்ந்ததும் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. பேய்க்குப் பயந்தவர்கள் செய்கிற வேலையா இது?

தீவின் மேற்குப் படகுத் துறையில்தான் விஷயம் இருக்கிறது. கடலுக்கு மேலே 110 அடி உயரத்தில், பாறை இடுக்கில் வைத்திருந்த கயிற்றுப் பெட்டி உடைந்து சிதறியிருந்தது. இரும்புக் கம்பிகள் வளைந்து கிடந்தன. 200 அடி உயரத்தில் புல்தரை பிய்ந்திருந்தது. நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரமே 170 அடிதான், மாமா!

விசாரித்த கலங்கரை விளக்கக் கண்காணிப்பாளர் ராபர்ட் மியூர்ஹெட், பெட்டியைக் காப்பாற்றப் போனவர்களை ஓர் அலை வாரிக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு சொன்னார். டிசம்பர் 7-ஆம் தேதி அவர்களிடம் கடைசியாகக் கை குலுக்கி விடைபெற்றவரும் அவரே. அதையும் அறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

காணாமல் போன மூவரில் டுகாட், மார்ஷல் இருவரும் மழைக்கோட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மக்ஆர்தரின் கோட்டு மட்டும் உள்ளேயே தொங்கியது. விளக்கை விட்டு மூன்று பேரும் ஒன்றாக வெளியே போகக் கூடாது என்பது விதி. ஆபத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையோடு ஓடியிருப்பார் என்று நினைக்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
உங்கள் மருமகன்