ஒரு பகல் வகுப்பு போதாது: நூலகப் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவி வட்டாரத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுதாமல் விடுவது எங்கள் நூலகருக்காக. அரசுச் சம்பளம் வாங்குகிறவர் தன் குறையைத் தானே ஊரறியச் சொல்ல முடியாது. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், வாசகர் வட்டத்தில் பழைய ஆள். எனக்கு அந்தத் தடை இல்லை. இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் "வேண்டாம் சார்வாள்" என்றுதான் சொல்லியிருப்பார். போன மாதம் அவருக்கு வந்த கடிதத்தைப் படித்த பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடிதத்தில் நான்கே வரி. இணையப் பயிற்சி பெற்ற பிறகும் நூற்பட்டியலை ஏற்றி முடிக்காதது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. அந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு பகல். முன்னால் திரை, எதிரே வரிசையாக நாற்காலிகள். காலையில் இணையப் பட்டியல், டீக்குப் பிறகு வலைப்பூவும் வாட்ஸ்அப் குழுவும், சாப்பாட்டுக்குப் பிறகு கூகுள் படிவமும் க்யூஆர் குறியீடும். கையை வைத்துப் பார்க்க ஆளுக்கொரு கணினி கிடையாது. நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

அந்த ஒரு பகலால் எங்கள் நூலகருக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு கரை மீறி எங்கள் ஊருக்குள் வந்தது. நூலகத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பிப் போயின. அதைவிடப் பெரிய அடி, பீரோவின் அடித்தட்டில் இருந்த நூல் பதிவேடு. எந்த நூல், என்ன எண், எந்த ஆண்டு வந்தது, என்ன விலை என்று பல வருஷமாக, ஒருவர் பின் ஒருவராக வந்த நூலகர்கள் கையால் எழுதி வைத்தது. கரண்ட் வந்த பிறகு நூலகரும் நானும் இன்னும் இரண்டு வாசகர்களும் அதைத் தாள் தாளாகப் பிரித்து, நடுவே பழைய பேப்பரை வைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு வாரம் காயப்போட்டோம். மை கரைந்த பக்கங்களில் எண் மட்டும்தான் தெரிந்தது. புத்தகத்தின் பெயர் போய்விட்டது.

அன்றைக்கே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "சார்வாள், இனிமே இதக் காகிதத்துல மட்டும் வச்சிருக்கக் கூடாது. கம்ப்யூட்டர்ல ஏத்திரணும்" என்றார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. மேசை மேல் இருந்ததால் தப்பித்த கணினியைத் திறந்து, மிஞ்சிய பதிவேட்டையும் தட்டில் உள்ள புத்தகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய பாமினி எழுத்துருவில்தான் அடித்தார். நாலாயிரத்துச் சொச்சம் நூல்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையிலும் வந்து உட்கார்ந்தார். ஏழு மாதம் ஆயிற்று.

பயிற்சி முடிந்து வந்ததும், அங்கே கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து அந்தக் கோப்பை ஏற்றினார். ஏறியது. திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகப் பக்கம் பக்கமாக நின்றது.

இதில் அவர் செய்த தவறு ஒன்றும் கிடையாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. 'அம்மா' என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா. கணினியின் கணக்கில் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் உள்ளே இருப்பதுதான் வெளியே தெரியும். இணையத்தில் தமிழ் தமிழாகவே நிற்க, தமிழ் எழுத்துக்கென்றே தனி எண்களை ஒதுக்கிய உலகப் பொதுமுறையான யூனிகோடு வேண்டும். யூனிகோடைத் தரமாக ஏற்று தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது. அந்த ஆணை எங்கள் ஊர் நூலகம் வரைக்கும் வந்து சேரவில்லை. "தமிழை எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள்?" என்று பயிற்சியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அத்தனையும் தவிர்ந்திருக்கும். அதைக் கேட்க அந்தப் பகலில் யாருக்கும் நேரம் இல்லை.

பயிற்சியில் கொடுத்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். மூன்று நாள் கழித்து ஒருவர் எடுத்து, "யூனிகோடில் அடித்து ஏற்றுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். இவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் நூலிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். தமிழ் 99 விசைப்பலகையைத் தானாகவே கற்றார். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டியிருந்தார். நூலகத்தில் இணைய இணைப்பு இல்லை. இரவு வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, தன் போன் டேட்டாவில், மகனுடைய லேப்டாப்பில் அடித்தார். ஆயிரத்து அறுநூறு நூல் வரை வந்திருந்தார்.

அப்போது என் பேரன் கல்லூரி விடுமுறைக்கு வந்தான். நூலகத்துக்கு என்னோடு வந்தவன், "அத்தை, எழுத்துரு மாத்தின்னு ஒண்ணு இருக்கே, அதுல போடலையா?" என்று கேட்டான். பழைய எழுத்துருவில் உள்ளதை ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் யூனிகோடு. காசு கிடையாது, இணையத்தில் பல வருஷமாகக் கிடைக்கிறது. கால் மணி நேரத்தில் அவருடைய ஏழு மாத உழைப்பு முழுதும் நல்ல தமிழில் திரையில் நின்றது.

நூலகர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் இத்தன நாளா ராத்திரி முழிச்சு அடிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. எழுந்து போய், வாசகர்கள் கலைத்துப் போட்ட செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். அதே வாரம் உங்கள் கடிதம் வந்தது.

ஐயா, அம்மா, மரியாதையோடுதான் கேட்கிறேன். இதில் விளக்கம் சொல்ல வேண்டியவர் யார்?

நூலகத் தந்தை என்று நாம் கொண்டாடும் எஸ். ஆர். ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பழைய கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். "தெரியாத வேலையை ஏன் முடிக்கவில்லை?" என்று அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே மாதக்கணக்கில் படித்தார், நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார், 1925-இல் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். நூலகம் எப்படி நடக்க வேண்டும் என்று 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளும், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் மாகாணத்தில் வந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. அவ்வளவு பெரிய மனிதருக்கே கற்றுக்கொள்ள மாதங்கள் தேவைப்பட்டன. எங்கள் நூலகருக்கு நீங்கள் கொடுத்தது ஒரு பகல்.

லண்டனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. பஸ் ஏற்றிக்கூட அனுப்ப வேண்டாம். அமெரிக்காவில் சார்லட் நகரப் பொது நூலகத்தில் 2006-இல் ஹெலீன் ப்ளோவர்ஸ் என்பவர் ஒரு வழி கண்டார். வலைப்பூ, விக்கி, படப் பகிர்வு என்று அன்றைக்குப் புதிதாக வந்த இணையக் கருவிகளை 23 சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்தார். ஊழியர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில், தாங்களே செய்து பார்த்து, கற்றதைத் தங்கள் வலைப்பூவில் எழுத வேண்டும். விரிவுரை இல்லை, தேர்வு இல்லை. முடித்தவர்களுக்கு ஒரு எம்.பி.3 பிளேயர் பரிசு. அந்தத் திட்டத்தை யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். பல நாட்டு நூலகங்கள் எடுத்துக்கொண்டன. அதைத் தமிழில் நம் ஊருக்கு ஏற்றபடி செய்யப் பெரிய செலவு எதுவும் ஆகாது. முதல் வேலையாக, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவதை வைத்துவிடுங்கள். எங்கள் நூலகரே வந்து அதைச் சொல்லிக்கொடுப்பார்.

நான் கேட்பது இதுதான். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்து, வேலை நேரத்துக்குள், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் 'இது நீங்கள் கற்கும் நேரம்' என்று எழுத்தில் கொடுங்கள். கேட்டால் அன்றைக்கே பதில் சொல்ல ஒரு ஆளை வையுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறேன் என்றால், எங்கள் ஊரில் பாதி வீட்டில் பீடித் தட்டு உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற ஒரு பிள்ளை பகல் முழுக்க அம்மாவோடு பீடி சுற்றுகிறாள். ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்து, வாசலில் நின்றபடியே "யக்கா, அந்த புக்கு வந்துட்டாக்கா?" என்று கேட்பாள். இல்லை என்றால் அப்படியே திரும்புவாள். அந்த நேரத்துக்கு உண்டான கூலி போனது போனதுதான். பட்டியல் அவள் போனில் தெரிந்தால் அந்த நடை மிச்சம். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது ரங்கநாதனின் நாலாவது விதி. இன்னொன்றும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தர 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, நாட்டுடைமையான நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எங்கள் தட்டில் இல்லாத புத்தகத்தை அங்கே தேடி எடுத்து அந்தப் பிள்ளையின் போனில் காட்டத் தெரிந்தால், நாலாயிரம் நூல் உள்ள எங்கள் சின்ன நூலகம் எவ்வளவு பெரிதாகிவிடும்! எங்கள் நூலகருக்கு இது தெரியும். எப்படி என்பதைத்தான் யாரும் காட்டவில்லை.

வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று நாங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டிய காசுக்கு ஒரு இணைய இணைப்பு வராதா? மழை பெய்தால் ஒழுகுகிற கூரையைப் பற்றி எத்தனை மனு கொடுத்தோம். கழிப்பறைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகிற ஒரு பெண் ஊழியரிடம், தினமும் நிகழ்ச்சிப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறீர்கள். போடாத நாள் அவர் பெயருக்கு நேரே சிவப்புக் குறி விழுகிறது. படம் போடுவதுதான் இணையம் என்று ஆகிவிட்டது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

சரி, சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கூரையும் கழிப்பறையும் வேறு மனுவில் வரட்டும்.

இந்த மடலின் வேண்டுகோள் சின்னது. பயிற்சி முடிந்தும் வேலை முடியவில்லை என்று எத்தனை நூலகர்களுக்கு விளக்கக் கடிதம் போயிருக்கிறதோ, அத்தனையையும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். வருகிற பதில்களிலிருந்தே அடுத்த பயிற்சிக்குப் பாடம் கிடைத்துவிடும். அந்தப் பயிற்சியை அவர்கள் இடத்திலேயே, அவர்கள் நேரத்துக்குள், கையை வைத்துச் செய்து பார்க்கும்படி நடத்திக் கொடுங்கள் என்று பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் நூலகர் இப்போது மாற்றிய பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். எண் மட்டும் மிஞ்சி, பெயர் அழிந்துபோன நூல்களுக்கு யாராவது பழைய வாசகருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதுகிறார். நேற்று ஒன்றை நான் சொன்னேன். இன்னும் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினர்,
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.