கிட்டா, படத்தைப் பார்க்கும் முன் இதைப் படி

கொளத்தூர், சென்னை
18.1.2026, ஞாயிறு

அன்புள்ள கிட்டா,

பொங்கல் வாழ்த்தெல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது. அம்மாவின் கண் அறுவை நன்றாக நடந்தது. இப்போது எதிர்வீட்டுக் கொடியில் காய்வது யார் புடவை என்பதுவரை சொல்கிறாள். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. விஜயா அக்கா உன்னைக் கேட்டாள். ஆமாம், அவளாகவே கேட்டாள். காபி டம்ளரைக் கீழே போட்டுவிடாதே. வேறு விசேஷம் இல்லை.

நீ நாக்பூரில் தணிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நான் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. தொடங்கியதுமே நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், விஷயம் இன்னும் முப்பது வருடத்துக்குக் கிடப்பில் போய்விடும். அதற்கு வருகிறேன். முதலில் படம்.

யாழினி கல்லூரி இறுதியாண்டுக்கு 'ஏதோ பாட்டுப் படம்' எடுக்கிறாள் என்று தீபாவளிக்குச் சொன்னேனே, அது பூசி மெழுகியது. பதினாறு நிமிட ஆவணப்படம். சென்னையில் ஹெவி மெட்டல் இசை. அதில் நான் இருக்கிறேன், மஸ்கட்டிலிருந்து நம் பழைய பேண்ட் தாசு இருக்கிறான், மூன்று புகைப்படங்களில் நீயும் இருக்கிறாய். தோள்வரை முடியோடு. உன் மருமகளிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

சென்ற ஜூலை 22 இரவில் தொடங்கியது இது. பிளாக் சாபத் பேண்டின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பதினேழு நாள் முன்புதான் பர்மிங்ஹாமில், பிறந்த ஊரின் மைதானத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடி விடைபெற்றிருந்தார். நான் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த யாழினி பயந்துபோய், "யாரப்பா இறந்தது?" என்றாள். "எங்கள் ஆள்" என்றேன். பெரம்பூர் சித்தப்பாக்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டாள். உண்மை தெரிந்ததும் சிரிக்காமல் எதிரில் உட்கார்ந்தாள் பார், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். விடிகாலை மூன்று மணிவரை பேசினேன். பர்மா பஜாரில் வாங்கிய கேசட், என் கிவ்சன் கிட்டார், உன் வீட்டு மாடி அறைச் சுவரில் ஒட்டுவதற்காக நாம் தூக்கிவந்த முட்டை அட்டைகள், அவற்றை வாசலிலேயே நிறுத்திவைத்து உன் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தது. "இதையெல்லாம் ஏன் என்னிடம் சொன்னதே இல்லை?" என்று கேட்டாள். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதை அன்று சொல்லவில்லை.

பெண் எடுத்த படத்தைத் தகப்பன் புகழ்வது அவ்வளவு நாகரிகமில்லை. ஆனாலும் புகழத்தான் போகிறேன்.

கறுப்புச் சட்டையில் ஆரம்பிக்கிறாள். இந்த ஊரில் கறுப்புச் சட்டை போட்டால் ஒன்று பெரியார் தொண்டர், இல்லையென்றால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர். மூன்றாவதாக ஒரு கூட்டம் மே மாத வெயிலில் கறுப்பு டீ-ஷர்ட்டோடு மின்சார ரயிலில் கிட்டாரைச் சுமந்துகொண்டு போகிறது. ஒரு பெரியவர் அந்தப் பையன்களில் ஒருவனிடம், "எந்த வருஷம் மலைக்குப் போகிறீர்கள் சாமி?" என்று கேட்கிறார். அவனும் பவ்யமாக, "இந்த வருஷம் இல்லை சாமி" என்கிறான். எழுதிவைத்து எடுத்ததில்லை, தானாக நடந்தது என்று சத்தியம் செய்கிறாள்.

பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. பிளாக் சாபத்தின் கிட்டார்காரர் டோனி அயாமியின் கதையை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போனது, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டது, கம்பி இறுக்கமாக இருந்தால் வலிக்கிறது என்று பிற்பாடு சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கியது. உன் மாடியில் இதைப் புராணம் மாதிரி ஒப்பித்தோம். யாழினி அதைப் புராணமாக விடவில்லை. பகலில் பிரஸ் மெஷின் ஓட்டி, இரவில் கிட்டார் வாசிக்கிற ஒரு பையனை அம்பத்தூரில் கண்டுபிடித்திருக்கிறாள். மெஷின் இறங்கி அடிக்கும் சத்தத்தை அரை நிமிடம் அப்படியே ஓடவிட்டு, அதே லயத்தில் டிரம்ஸை உள்ளே கொண்டுவருகிறாள். இந்த இசை ஏன் பர்மிங்ஹாம் மாதிரி ஒரு தொழிற்சாலை ஊரில் பிறந்தது என்பதற்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை. அந்தப் பையன் பேசும்போது விரல்களை எண்ணுவதுபோல் தடவிக்கொண்டே இருக்கிறான். அவனுக்குப் பத்தும் இருக்கின்றன. இருந்தாலும் தடவுகிறான்.

விஜயா அக்கா வருகிற இடம்தான் எல்லோருக்கும் பிடித்தது. 1970-இல் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம், அதன் முதல் பாட்டு; மழை, மணியோசை, பிறகு அந்த மூன்று சுரம். யாழினி அதை அக்காவிடம் போட்டுக் காட்டி, ஐரோப்பாவில் இந்த இடைவெளியைச் 'சங்கீதத்தில் சாத்தான்' என்று சொல்வார்களாம் என்றாள். அக்கா வீணையை எடுத்து ஸ, மேல் ஸ, பிறகு இரண்டு 'ம'வில் மேலே இருக்கிற பிரதி மத்யமம் என்று மீட்டினாள். மறுபடியும் மீட்டினாள். "இதில் சாத்தான் எங்கே இருக்கிறான்? எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகத்தில் சரிபாதிக்குப் பிரதி மத்யமம்தான். அப்படிப் பார்த்தால் சபாவில் கல்யாணி பாடுகிறவர்களை எல்லாம் என்ன செய்வது?" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "ஆனால் இந்தப் பையன் கமகமே கொடுக்காமல், சுரத்தை அசைக்காமல் மொட்டையாக நிற்கிறான், அதனால்தான் பயமாக இருக்கிறது" என்றாள். கிட்டா, முப்பது வருடம் இதைக் கேட்டும் நமக்கு அது தோன்றவில்லை.

இரண்டு விரல் கொம்பு முத்திரையும் வருகிறது. ஓஸிக்குப் பின் பிளாக் சாபத்தில் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோ அதைத் தன் இத்தாலியப் பாட்டியிடமிருந்து எடுத்தார், அது கண்ணேறு கழிக்கிற முத்திரை என்று நான் கேமராவைப் பார்த்து விளக்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் அம்மா யாழினிக்கு மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நெடியில் நான் இருமிய இருமலைக்கூட அந்தக் குழந்தை வெட்டவில்லை.

சும்மா எடுத்துவிடவில்லை. கல்லூரி கேமராவை இரண்டு நாளுக்கு மேல் தரமாட்டார்கள். முதல் நிகழ்ச்சியில் பதிவு செய்த ஒலி முழுவதும் கிழிந்துபோனது. சட்டையில் குத்துகிற மைக் அந்தச் சத்தத்தைத் தாங்குமா? இரண்டாம் முறை பதிவுக் கருவியின் அளவை நன்றாகக் குறைத்து ஒரு தூணுக்குப் பின்னால் வைத்தாள். வேளச்சேரிப் பையன்கள் நால்வர் அவர்கள். தமிழிலேயே உறுமுகிறார்கள். 2015 வெள்ளத்தில் வீட்டை இழந்தபோது அந்தப் பாடகனுக்கு வயது பத்து. ஏரி தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தது, நாங்கள்தான் ஆக்கிரமிப்பு என்று ஒரு பாட்டு. கேட்டால் கல் அரைக்கிற சத்தம். கீழே எழுத்தில் வரிகளைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. குரல்நாணுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் ஒலியாம் அது, தொண்டையை இறுக்கினால் குரலே போய்விடுமாம். பாடி முடித்ததும் வெந்நீரும் அதிமதுரமும். அக்காவின் மாணவிகளுக்கும் அதே மருந்துதான். தாசு அந்தக் காலத்தில் எதைக் குடித்தான் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இனி அந்தப் படத்தை ஊருக்குக் காட்டிய கதை. சோதனைக்காக இணையத்தில் ஏற்றிய சில நிமிடங்களில் 'உங்கள் படத்தில் பிறர் இசை இருக்கிறது' என்று ஓலை வந்துவிட்டது. பதினொரு விநாடிதான் அந்த முதல் பாட்டை எடுத்தாண்டிருந்தாள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமாக எடுத்தாள்வதை அனுமதிக்கிறது என்று என் மச்சினர் வக்கீல் கோட்டு இல்லாமலேயே வாதாடினார். இயந்திரத்துக்குப் பிரிவு தெரியுமா? இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அந்தப் பதினொரு விநாடியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் அக்கா வீணையில் வாசித்த மூன்று சுரத்தை மட்டும் வைத்தாள். முன்னைவிட நன்றாக இருந்தது. இயந்திரமும் வாயைத் திறக்கவில்லை.

மார்கழி கடைசியில் கோடம்பாக்கத்தில் அவள் தோழி வீட்டு மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டித் திரையிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும். கறுப்புச் சட்டைப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், என் பெரியப்பா. பெரியப்பாவின் விமர்சனம்: "சாவு வீட்டில் அடிக்கிற பறைக்கு முன்னால் இது ஒரு சத்தமா?" அங்கிருந்த பையன்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாடியில்தான் கிட்டா, நான் சொல்ல வந்தது நடந்தது.

படத்தின் பன்னிரண்டாம் நிமிடத்தில் யாழினி என்னைக் கேட்கிறாள்: "உங்கள் பேண்ட் ஏன் கலைந்தது?" நான் சொல்கிறேன்: "எங்கள் டிரம்மர் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டான். கடன் விண்ணப்பம் வந்தது, கச்சேரி போனது." எல்லோரும் சிரிக்கிறார்கள். உடனே தாசுவின் முகம்: "இல்லை இல்லை. ஒரு கல்லூரி விழாவில் இறுதிச் சுற்றுக்கு வந்தோம். கடைசி நேரத்தில் எங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். மனோகர்தான் போய்க் கேட்டுவந்து சொன்னான். அதில் மனம் ஒடிந்துதான் கிட்டா பரீட்சைக்குப் படிக்கவே உட்கார்ந்தான்." மறுபடி நான், மறுபடி தாசு. ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். வயதானவர்களின் ஞாபகமறதி என்று மாடியே குலுங்கிச் சிரித்தது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் படிக்கட்டில் போய் நின்றேன்.

பெயரை யாரும் அடிக்கவில்லை.

1995 பிப்ரவரி, சனிக்கிழமை மதியம். நீ சிம்பல் ஸ்டாண்டைப் பற்றவைக்கப் போயிருந்தாய். ஒலிச் சோதனைக்கு நான் மட்டும் முன்னால் போனேன். மேடையில் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் விரல் போன போக்கைப் பார்த்தேன். நம் மூன்றாவது பாட்டின் நடுவே நான் தனியாக வாசிக்க வேண்டிய இருபது விநாடி ஞாபகம் வந்தது. அதை நான் ஒருமுறைகூடத் தப்பில்லாமல் வாசித்ததில்லை. உனக்குத் தெரியும். அந்த இடம் வந்தால் நீ சிம்பலை ஓங்கி அடித்து மூடுவாய். அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, நீயும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கை நடுங்கியது. மேசையில் இருந்த மாணவனிடம் போய், எங்கள் டிரம்மருக்கு அம்மை போட்டிருக்கிறது, வர முடியாது என்று சொன்னேன். பாவம், அவன் வேப்பிலையெல்லாம் விசாரித்தான். வெளியே வந்து, வெல்டிங் புகை வாடையோடு ஓடிவந்த உன்னிடம், பெயரை அடித்துவிட்டார்கள் என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. நீ சண்டைக்குப் போகிறேன் என்றாய், நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நியாயஸ்தன் மாதிரி.

2009-இல் ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு ஸ்வீடன் மெட்டல் பேண்ட் ஓபெத் வந்தபோது, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே நாம் இரண்டு தொந்திக்காரர்கள் நின்றோமே, திரும்பி நடக்கும்போது, "அன்றைக்கு நம்மை மேடையேற விட்டிருந்தால்" என்று ஆரம்பித்தாய். அப்போது சொல்லவே வாயைத் திறந்தேன். ஒரு புள்ளிமான் குறுக்கே வந்தது; நீ அதைப் பார்த்து, "நமக்கு இதுதான் ரசிகர்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். சில வருடங்கள் முன்பு உன் பையனுக்கு, நம் பெயரை அடித்ததாக நான் சொன்ன அந்தக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தும், 'அந்தப் பாரபட்சக்காரர்களிடமா' என்று சேர்க்காமல் விட்டாய். அன்றும் போனில் உம் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றிலும் இதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

திரையிட்ட இரவு வண்டியில் வரும்போது யாழினி, "அப்பா, நீ சொன்னது சரியா, தாசு மாமா சொன்னதா?" என்றாள். "இரண்டும் இல்லை" என்றேன். வீடு வந்து சேரும்வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "கிட்டா மாமாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்த இடத்தை வெட்டிவிடு என்று கெஞ்சினேன். முடியாதாம். நான் சொன்னது நான் சொன்னதாகவே இருக்க வேண்டுமாம். வேண்டுமானால் படத்தின் முடிவில் ஒரு அட்டை போடுகிறாளாம். அதில் என்ன எழுதுவது என்பதை நீதான் சொல்ல வேண்டுமாம், நான் சொல்லக் கூடாதாம்.

30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை படத்தைப் பொதுவில் விடுகிறாள். அதற்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று இதை நாளைக் காலையில் விரைவு அஞ்சலில் போடுகிறேன். அட்டையில் இரண்டு வரிக்கு மேல் கொள்ளாதாம். வசவாக இருந்தாலும் எழுத்துப் பிழையில்லாமல் அனுப்பு, அவள் அப்படியே போட்டுவிடுவாள். எனக்கு எழுத வேண்டாம் என்று தோன்றினால் அவளுக்கு மட்டும் எழுது. அவள் எண் உன்னிடம் இருக்கிறது.

உன் டிரம்ஸ் குச்சிகள் இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்றில் அம்மா கொசுவலை கட்டியிருக்கிறாள். இன்னொன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
மனோகர்