இரண்டாம் சனிக்கிழமைகளில் நான் போகும் இடம்

நிஷிகசாய், டோக்கியோ
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். பார்சல் வந்து சேர்ந்தது. மிளகாய்ப்பொடிக் கவர் ஓரத்தில் பிய்ந்து என் புது வேட்டி மட்டும் சிவந்துவிட்டது. நார்த்தங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்றே தயிர்சாதத்தோடு ஆரம்பித்துவிட்டேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் குழாயைத் திறக்கக் கை வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் போனில் கேட்டாயே, "இரண்டாம் சனிக்கிழமை ஆனால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், எங்கேடா போகிறாய், யாராவது பெண்ணா?" என்று. நான் சிரித்து மழுப்பினேன். அத்தான் பின்னாலிருந்து இருமினது காதில் விழுந்தது. பெண்தான். வயது 74. நாற்பது வருஷம் பல் வைத்தியம் பார்த்தவர். அவரோடு இன்னும் எட்டுப் பேர். மாதம் ஒருமுறை வார்டு அலுவலகத்தின் பொதுக்கூடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தில் அரைப் பக்கம் படிக்கிறோம். சில மாதம் அரைப் பக்கமும் தேறுவதில்லை.

போனில் சொன்னால் நீ நடுவில் "சாப்பிட்டாயா" என்று கேட்பாய். அதனால்தான் கடிதம்.

புத்தகத்தின் பெயர் ஃபின்னெகன்ஸ் வேக். ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் பதினேழு வருஷம் எழுதி 1939இல் வெளியிட்டது. ஆங்கிலம் என்று பெயரே தவிர, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் மூன்று நான்கு மொழிகளைத் திணித்து வைத்திருக்கிறார். ஆங்கிலேயர்களே பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிற புத்தகம் இது. இதை ஜப்பானியத்தில் ஒருவர் முழுதாக மொழிபெயர்த்திருக்கிறார். யானசே நாவோகி என்று பெயர், ஹொக்காய்டோவின் கிழக்கு முனையில் நெமுரோவில் பிறந்தவர். முதல் பகுதி 1991இல் வந்தது, மிச்சம் 1993இல். இப்போது சட்டைப்பை அளவில் மூன்று தொகுதிகளாகக் கிடைக்கிறது. நான் என்னுடையதை ஜின்போச்சோவில் பழைய விலைக்கு வாங்கினேன். பழைய புத்தகக் கடைகளே வரிசையாக இருக்கும் தெரு அது. வெயில் பட்டுப் புத்தகம் வெளுத்துவிடக் கூடாது என்று பெரும்பாலான கடைகள் வடக்குப் பார்த்தே இருக்கும். அப்பா பார்த்திருந்தால் அங்கேயே குடியேறியிருப்பார்.

யானசே என்ன செய்தார் என்பதை ஒரே ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன். ஜப்பானியர்கள் சீன எழுத்துகளையும் கலந்து எழுதுவார்கள், தெரியும்தானே? அதற்குக் கன்ஜி என்று பெயர் (நம் கஞ்சி இல்லை). கஷ்டமான எழுத்தாக இருந்தால் அதன் தலைமேல் பொடி எழுத்தில் உச்சரிப்பைப் போட்டுவிடுவார்கள். அது பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவி. யானசே அதைக் கையில் எடுத்துக்கொண்டு விளையாடியிருக்கிறார். ஜாய்ஸின் முதல் சொல் 'ரிவர்ரன்'. ஆறும் ஓட்டமும் ஒட்டிக்கொண்ட சொல், டப்ளின் நகரத்து ஆறு. யானசே 'ஆறு' எழுத்தையும் 'ஓடு' எழுத்தையும் சேர்த்து வைத்து, மேலே 'சென்சோ' என்று பொடியாக எழுதினார். காதால் கேட்டால் சென்சோ என்றால் யுத்தம். கண்ணுக்கு ஆறு, காதுக்கு யுத்தம். சில பக்கம் தள்ளினால் வாட்டர்லூ சண்டை வரப்போகிறது, முதல் சொல்லிலேயே அதற்கு முரசு கொட்டிவிட்டார்.

அடுத்து ஆதாம் ஏவாள். டப்ளினில் அந்தப் பெயரால் அழைக்கப்படும் ஒரு மாதாகோவில் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகக் கும்பிட முடியாத காலத்தில் அதே பெயருள்ள மதுக்கடைக்குப் பின்னால் ஒளித்து ஜெபம் செய்தார்களாம், அதனால் வந்த பெயர். யானசே அதை 'ரெய்ஹாய்தெய்' என்கிறார். 'ரெய்ஹாய்' என்று காதில் கேட்டால் வழிபாடு. ஆனால் 'ஹாய்' என்ற இடத்தில் அவர் எழுதியிருப்பது கும்பிடுகிற எழுத்து இல்லை, சாராயக் கிண்ணம்! கடைசியில் 'தெய்' என்றால் விடுதி. கோவிலும் சாராயக்கடையும் ஒரே சொல்லில் உட்கார்ந்துவிட்டன. இதைப் பல் டாக்டர் அம்மாள் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டியபோது எனக்குக் காளமேகம் ஞாபகம் வந்தது. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா என்று அப்பா மூச்சுவிடாமல் சொல்வாரே, அந்த ஞாபகம். அன்றைக்குத்தான் இந்தப் புத்தகத்தின் மேல் இருந்த பயம் போனது. சிலேடை என்றால் நமக்குத் தெரியாததா?

இன்னொன்று, இதை நீ ரசிப்பாய். முதல் பக்கத்திலேயே நூறு எழுத்தில் ஒரு இடி இடிக்கும். பல மொழிகளில் இடிக்கு என்னென்ன சொல் உண்டோ அதையெல்லாம் கோத்து ஜாய்ஸ் செய்த ஒரே சொல். நடுவில் 'கமினர்' என்று வருகிறது. ஜப்பானியத்தில் கமினரி என்றால் இடி. புத்தகம் முழுக்க இப்படிப் பத்து இடி. ஒன்பது நூறு எழுத்து, கடைசி நூற்றொன்று, கூட்டினால் ஆயிரத்தொன்று. எங்கள் குழுவில் ஒரு தபால்காரர் இருக்கிறார், சத்தம் போட்டுப் படிப்பது அவர் வேலை. கமினர் வந்ததும் சொந்த ஊர்க்காரரை ரயிலில் பார்த்தமாதிரி ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவார்.

இவர்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பழக்கம் பழையது. ஜாய்ஸின் இன்னொரு புத்தகம் யுலிசிஸ், 1922இல் பாரிஸில் வந்தது. ஆபாசம் என்று அமெரிக்காவில் தடை, கோர்ட் தீர்ப்பு வந்து அங்கே சட்டப்படி விற்பனைக்கு வந்தது 1934இல். ஜப்பானியத்தில் இத்தோ செய் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் மொழிபெயர்த்த முதல் பாகம் 1931இலேயே வந்துவிட்டது. அப்புறம் 1964இல் மாருயா சாயிச்சியும் இன்னும் இருவரும் சேர்ந்து வேறொரு மொழிபெயர்ப்பு செய்தார்கள். அதில் ஒரு அத்தியாயம், ஆங்கில உரைநடை பிறந்து வளர்ந்த கதையையே நடையில் நடித்துக் காட்டுவது. இவர்கள் அதற்கு ஈடாக ஜப்பானிய நடையைப் பழங்காலத்திலிருந்து நம் காலம்வரை நடக்க விட்டிருக்கிறார்கள். நம்மூரில் செய்தால் சங்கப் பாட்டில் தொடங்கி, நச்சினார்க்கினியர் உரை வழியாக, தினத்தந்திவரை வர வேண்டியிருக்கும். யார் செய்வார்?

யானசேவும் யுலிசிஸைத் தொட்டார். 2016இல் இறக்கும்போது பன்னிரண்டு அத்தியாயம்தான் முடிந்திருந்தது. அந்தப் பன்னிரண்டாவதில் பெயரில்லாத ஒருவன் கதை சொல்கிறான். அது மனிதன் இல்லை, நாய் என்றார் யானசே! எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஆனால் ஜப்பானியத்தில் மொழிபெயர்க்கிறவன் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இங்கே 'நான்' என்பதற்கு ஒரு சொல் இல்லை. கிழவனுக்கு ஒன்று, முரடனுக்கு ஒன்று, சின்னப் பையனுக்கு ஒன்று. யார் பேசுகிறார்கள் என்று முடிவு செய்யாமல் 'நான்' என்றுகூட எழுத முடியாது. தமிழில் என்றால் நாய் வாயைத் திறந்து "நான் போனேன்" என்றாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் வருஷக் கடைசிக் கூட்டம். ஒவ்வொருவரும் தங்கள் அலமாரியிலிருந்து ஒரு கஷ்டமான வரி கொண்டுவர வேண்டும் என்றார்கள். நான் மௌனியைக் கொண்டுபோனேன். அப்பாவின் பீரோவிலிருந்து நான் எடுத்துவந்த அதே புத்தகம்தான், நீ இரண்டு வருஷமாகத் தேடுகிறாயே, அது. திட்டாதே. மொத்தம் இருபத்துநாலு கதை எழுதின மனிதர், புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, 'அழியாச்சுடர்' கதையின் அந்த வரியைப் பலகையில் எழுதினேன்: எவற்றின் நடமாடும் நிழல்கள் நாம்?

நான்கே சொல். இரண்டு மணி நேரம் போதவில்லை, அக்கா.

'நாம்' என்பதற்கு 'வாதாஷிதாச்சி' என்று போட்டிருந்தேன். டாக்டர் அம்மாள் கை தூக்கினார். "இதில் படிக்கிற நானும் உண்டா, இல்லை அவர்கள் மட்டுமா?" நாங்கள் என்று எழுதாமல் நாம் என்று எழுதியிருக்கிறார் பார், கேட்கிறவனையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிற சொல். இத்தனை வருஷம் படித்திருக்கிறேன், அந்தப் பிடியை நான் கவனித்ததே இல்லை. ஜப்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த அம்மாள் கேட்டதால் எனக்குத் தெரிந்தது.

'எவற்றின்' வந்ததும் சிக்கல் முற்றியது. பன்மை, அஃறிணை. அங்கே 'நானிமோனோ' என்று ஒரு சொல் உண்டு. ஒரு எழுத்தில் எழுதினால் 'எவர்', இன்னொன்றில் எழுதினால் 'எப்பொருள்'. கன்ஜியே போடாமல் எழுத்தொலியில் எழுதிவிட்டால் இரண்டும் இருக்கும் என்றார் ஒருவர். அழகான யோசனைதான். ஆனால் மௌனி தப்பிக்க வழி விடவில்லையே, மனிதர்களை ஆட்டுவிப்பவை மனிதர்கள் இல்லை என்று அஃறிணையில் அடித்துச் சொல்கிறாரே. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

'நடமாடும்' என்பதற்குத் தபால்காரர் 'உரோட்சுகு' என்றார். தெருநாய் சுற்றுகிற மாதிரி சுற்றுவது. எல்லோரும் சிரித்தார்கள், மறுபடி நாயா என்று. ஏற்கெனவே ஒரு நாய் உள்ளே புகுந்திருந்தது, அது என் தப்பு. கதையில் கோவில் தூணில் யாளி வருமே, அதை விளக்கத் தெரியாமல், இவர்கள் கோவில் வாசலில் வைத்திருக்கும் கல்சிங்கம் மாதிரி என்று 'கொமாயினு' என்றேன். இனு என்றால் நாய். அவர்கள் மனசில் நம் யாளி வாலாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது. இன்னொருவர் 'சாமாயோ' என்ற சொல்லைச் சொன்னார், ஆவி அலைவது. கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். நாம் ஆள் நடமாட்டம் என்கிறோம், பேய் நடமாட்டம் என்கிறோம், புலி நடமாட்டம் என்றும் சொல்கிறோம். எனக்குத் தபால்காரரின் தெருநாயே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

'நிழல்' மட்டும் தானாக வந்து உட்கார்ந்தது. 'காகே'. ஆனால் பழைய ஜப்பானியத்தில் காகே என்றால் வெளிச்சமும்தானாம். ட்சுகிகாகே, நிலாவின் காகே, அதாவது நிலவொளி. நான் எழுந்து நின்றுவிட்டேன். பழந்தமிழிலும் நிழலுக்கு ஒளி என்று ஒரு பொருள் உண்டு, அப்பா சொல்லியிருக்கிறார். கதையின் தலைப்போ சுடர், உள்ளே நிழல். அறைக்காரர் வந்து நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்ட, நாற்காலிகளை மடக்கிக்கொண்டே பேசினோம். வெளியில் செருப்பை மாட்டும்போதும் பேச்சு நிற்கவில்லை.

வருகிற சனிக்கிழமைக்கு முழுக் கதையையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பாதி மொழிபெயர்த்துவிட்டேன். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் நான் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தினமும் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போகிறார். மறுக்கவில்லை.

உனக்கு இரண்டு வேலை. அப்பாவின் அகராதியில் நிழல் என்ற பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு, ஒளி என்ற பொருளுக்கு என்ன பாட்டை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று, டாக்டர் அம்மாளுக்குத் தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டுமாம். என் குரல் ஆகாது, நான் படித்தால் ரயில் அறிவிப்பு மாதிரி இருக்கிறது. கோவில் வருகிற இடத்திலிருந்து அந்த வரிவரை நீ படித்துப் பதிவு செய்து அனுப்பு. பக்கங்களைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் வந்தால் போதும். பின்னால் குக்கர் விசில் கேட்டாலும் பரவாயில்லை.

உன் தம்பி