பெயர் போடுவதை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மதியம் ஒரு தனியார் சேனலில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டார்கள். சென்னையிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் நாகஸ்வரத்துக்காகப் பார்ப்பவர், மருமகளுக்கு டி.எஸ்.பாலையா போதும். ஒன்பதாவது படிக்கிற பேத்தி பாதியில் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நாகேஷ் வைத்தியாக வந்து நின்றதும் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டாள்.

இதில் என் குறை என்னவென்றால், படத்தில் பெயர் போடுவதையே காட்டவில்லை. எடுத்த எடுப்பில் கதைக்குள் போய்விட்டார்கள். சிவாஜி கன்னம் உப்ப வாசிக்கும்போது நம் காதில் விழுவது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. இசை கே.வி.மகாதேவன். திரைக்கு முன்னால் வராத இவர்களையெல்லாம் பின்னே எப்படித்தான் தெரிந்துகொள்வது? மோகனா நலம் விசாரித்துப் பாடும் இடத்திலாவது விடுவார்கள் என்று பார்த்தால், நாகஸ்வரம் பதில் சொல்வதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது! முகங்களும் அகலவாக்கில் இழுபட்டுத் தெரிந்தன. எங்கள் டிவியின் கோளாறு இல்லை. மகன் ரிமோட்டில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டான்.

"இந்தக் கதையை யார் தாத்தா எழுதினது?" என்று பேத்தி கேட்டாள். அவருக்கு அது போதாதா! கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதியது, அதற்குக் கோபுலு வரைந்த படங்கள் என்று இடைவேளை முழுக்கச் சொன்னார். என் அம்மா அந்தப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். இரவல் வாங்கிப்போன புண்ணியவான் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

மறுநாள் காலை தாத்தாவும் பேத்தியும் கிளை நூலகத்துக்குக் கிளம்பினார்கள். (வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். எங்கள் தெருவிலேயே பலருக்கு இது தெரியாது.) புத்தகம் கிடைத்தது. அட்டை கழன்றிருந்தாலும் பக்கங்கள் சரியாக இருந்தன. அன்று முழுக்க அவள் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. நடுநடுவே சத்தமாக வாசித்துக் காட்டினாள், நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போதுதான் தகராறு. நூலகப் புத்தகத்தை ஊர் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று அவர். முடித்துவிட்டுத் தபாலில் அனுப்புகிறேன் என்று இவள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் நான் பேத்தி பக்கம் பேசினேன். புத்தகம் சென்னைக்குப் போய்விட்டது.

அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டில் ஓர் ஆள் இருந்தார். எல்லா வீட்டிலும் இருப்பார்களா? சேனல்காரர்கள் பழைய படம் போடும்போது பெயர் வரும் அந்தச் சில நிமிடங்களை வெட்டாமல் விடட்டும். பாட்டு முடிந்த பிறகு விளம்பரம் போட்டால் சோப்பு விற்காமலா போய்விடும்?

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'டிவியில் இன்றைய படங்கள்' என்று போடும் கட்டத்தில் நடிகர், நடிகை பெயர் மட்டுமே இருக்கிறது. படம் வந்த ஆண்டு, இயக்குநர், இசை, கதை எழுதியவர் என்று இன்னும் ஒரு வரி சேர்க்க முடியுமா? 'தில்லானா மோகனாம்பாள்' என்றால் 1968, ஏ.பி.நாகராஜன், கே.வி.மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு. இவ்வளவுதான் இடம் பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை