நம்ம ஊர் ரேடியோ ஸ்டேஷன் கொழும்பில் இருந்தது

காரைக்குடி

அன்புள்ள தாயி,

இங்கே எல்லாரும் நலம். சிங்கப்பூரில் சிநேகிதிகளோடு சேர்ந்து இணையத்தில் பழைய பாட்டு ரேடியோ நடத்தப் போகிறாயாமே, அம்மா சொன்னாள். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் இருந்த ஸ்டேஷனைப் பற்றி அப்பாவை எழுதச் சொல் என்றாயாம். ரேடியோ ரிப்பேர்க் கடையிலேயே காலத்தை ஓட்டியவனிடம் கேட்டால் விடுவேனா? ஆனால் காரைக்குடியில் அப்போது ஸ்டேஷன் எதுவும் கிடையாது. அரசாங்க ஸ்டேஷன் திருச்சியில் 1939-லேயே வந்துவிட்டது. ஊர் கேட்டது என்னவோ கொழும்பை.

அதற்கு டெல்லிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு தேய்ந்துபோனது. இலங்கை வானொலியோ 1950-லேயே வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மவுண்ட்பேட்டன் படைகளுக்காக அமைத்த பெரிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வேறு அவர்கள் கைக்கு வந்திருந்தது. சும்மா இருப்பார்களா? டெல்லி இறங்கி வந்து விவித் பாரதி என்ற பாட்டுச் சேவையை ஆரம்பித்தது 1957 அக்டோபர் 3-ல். அதற்குள் நம் ஜனம் ரேடியோ முள்ளைக் கொழும்பில் நிறுத்திவிட்டு, அடுத்தவர் தொட்டால் சண்டைக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டது.

மெக்கானிக் சொல்கிற காரணமும் ஒன்று உண்டு. கொழும்பு மீடியம் வேவ் என்கிற மத்திய அலையிலும் வந்தது. அது தரையை ஒட்டிப் போகும். காய்ந்த செம்மண்ணும் சரளையும் அதைக் குடித்துவிடும். உப்புத் தண்ணீர் மேல் அவ்வளவாகக் குறையாமல் வெகுதூரம் வரும். தொண்டிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கடல்தானே! கோடையில் இரைச்சல் அதிகம் என்று வருகிறவர்களிடம், எர்த் கம்பி புதைத்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் வாருங்கள் என்பேன். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். கடைக்கு நஷ்டம்தான். செட்டியார் வீடுகளில் ஏரியல் கட்டுவது எனக்குப் பிடித்த வேலை. இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். வால்வு செட்டுக்கு அவ்வளவு நீளக் கம்பி இழுக்க வேறு எந்த ஊரில் இடம் கிடைக்கும்?

அந்த வீடுகளில் பலவற்றுக்குக் கொழும்பு ஒன்றும் அந்நிய ஊர் இல்லை. அங்கே செட்டியார் தெருவில் கொடுக்கல் வாங்கல் நடத்தி வந்த குடும்பங்கள். கொழும்புக் கடை விளம்பரம் வந்தால் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அந்தக் கடை எந்த முக்கில் இருக்கிறது என்று சொல்வார். எனக்குப் பாட்டைவிட அது சுவாரசியம்.

பாட்டு விஷயத்தில் நம் ஊரும் இளைத்ததில்லை. ஏவி.எம். மெய்யப்பன் காரைக்குடிக்காரர். சினிமா எடுக்கும் முன்னால் இசைத்தட்டு விற்றவர். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே தேவகோட்டை ரஸ்தா ஸ்டூடியோவில் எடுத்த படம். கண்ணதாசன் பக்கத்துச் சிறுகூடல்பட்டி. இங்கிருந்து போனவர்கள் செய்த பாட்டு கடல் தாண்டிப் போய்த் திரும்ப வந்து நம் வீட்டில் பாடியது.

ஆனால் தாயி, பாட்டுக்காக மட்டும் ஜனம் அந்தப் பெட்டி முன்னால் உட்காரவில்லை. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா, இந்தக் கொழும்பு அறிவிப்பாளர்களுக்காகத்தான் உட்கார்ந்தார்கள். ராஜா மூச்சு விடாமல் பேசுவார், ஒரு எழுத்து சிதையாது. 1994-ல் அவரைக் கொன்றுவிட்டார்கள். பேப்பரில் பார்த்த அன்று கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. பாட்டுக்கு முன்னால் படம், எழுதியவர், இசை, பாடியவர் என்று அவர்கள் சொல்லிச் சொல்லித்தான், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் இது மருதகாசி, இது பட்டுக்கோட்டையார் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தது. நேயர் விருப்பத்தில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என்று ஊர்ப் பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு அந்த ஊர் டீக்கடைகளில் வேறு பேச்சே இருக்காது.

பிறகு அங்கே கலவரம், யுத்தம். இங்கே டி.வி. இலங்கை டி.வி.யான ரூபவாஹினி பார்க்க உயரமான குழாயில் ஆன்டெனா நட்டுக் கொடுத்தது நான்தான். 1987-ல் கொடைக்கானலில் தூர்தர்ஷன் டவர் வந்ததும் அந்த வேலையும் குறைந்தது.

இனி உன் ரேடியோவுக்கு வருகிறேன். பாட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் அடுக்கிவிட்டுத் தானாக ஓடவிடலாம் என்று உங்களில் யாரோ சொல்கிறார்களாம். அது வேண்டாம். அதற்குத்தான் எல்லார் போனிலும் ஆயிரம் வழி இருக்கிறதே, உங்களைத் தேடி எதற்கு வரவேண்டும்? நீ பேசு. ஊர்ப் பெயரோடு விருப்பம் கேட்டு வாங்கு. எழுதியவர் பெயரை விடாதே.

உரிமை சங்கதியும் கேட்டு வைத்தேன். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60 வருஷம் காப்புரிமை. ஆனால் பாட்டு வரிகளுக்கு உரிமை தனி, எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை. கண்ணதாசன் போனது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. தட்டு பழசு, எல்லாம் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. சிங்கப்பூர்ச் சட்டம் என்ன என்று அங்கேயே விசாரித்து, பணம் கட்டியே நடத்து.

நேரம் மட்டும் எங்களுக்குத் தோதாக வை. உங்கள் பத்தரை மணி இங்கே எட்டு. அதற்கு மேல் போனால் அம்மா தூங்கிவிடுவாள், மறுநாள் முழுக்க என்னைத்தான் திட்டுவாள். அவள் விருப்பப் பாட்டை என்னிடம் சொல்லமாட்டாளாம், உனக்குத்தான் எழுதுவாளாம்.

அன்புடன்,
அப்பா