உண்ணிச்செடிக்கு அரிவாள் வேண்டாம்

ஆசிரியருக்கு,

காட்டை ஆக்கிரமிக்கும் அயல்நாட்டு முட்புதரான உண்ணிச்செடியை (லண்டானா) காட்டோரங்களில் தன்னார்வலர்கள் அகற்றும் படங்களை அவ்வப்போது வெளியிடுகிறீர்கள். பல படங்களில் கையில் அரிவாள். செடி முழங்கால் உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. தேயிலைக்காரர்கள் இதைக் கவாத்து என்பார்கள்! அடுத்த மழைக்கு அந்தக் கட்டை சிம்பு வெடித்து, புதர் முன்னைவிட அடர்ந்துவிடும்.

செடியின் உயிர் தூரில், தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே, மண்ணுக்குள் சுமார் 3 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைச் சிறிய பிக்காசால் வெட்ட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர் சி.ஆர். பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை இது. ஒருவர் கிளைகளை வளைத்துப் பிடித்தால்தான் மற்றவருக்குத் தூர் தெரியும். முள் கிழிக்கும், கனமான கையுறை கட்டாயம். பிடுங்கிய புதரை வேர் வானம் பார்க்கத் தலைகீழாகப் போடுங்கள். ஈர மண்ணில் பட்டுக் கிடந்தால் தண்டிலேயே வேர் விடும்.

மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குவது எளிது. ஆனால் காய் கறுப்பதற்குள் முடித்துவிட வேண்டும். பழுத்த கிளைகள் இருந்தால் முதலில் அவற்றை நறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைப்புதான். புதருக்குள் ஒதுங்கி வளரும் நாட்டு மரக்கன்றுகளுக்கு வேலை தொடங்கும் முன்பே துணி கட்டி அடையாளம் வையுங்கள். உள்ளே யானையோ கரடியோ நிற்கலாம், வேட்டைத் தடுப்புக் காவலர் பார்த்துச் சொல்லாமல் யாரும் நுழையக் கூடாது. (தடித்த தண்டுகளை எரிக்காதீர்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அவற்றில் ஆளுயரத்தை மிஞ்சும் யானைச் சிற்பங்களே செய்கிறார்கள்.)

பிடுங்கியதோடு வேலை முடிவதில்லை. வெயில் பட்டதும் மண்ணில் கிடந்த விதைகள் முளைக்கும். சின்னான் போன்ற பறவைகள் பழம் தின்று எச்சமிடுவதால், மரத்தடிகளில்தான் நாற்று அதிகம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்க் கையால் பறிக்க வேண்டும், குறைந்தது இரண்டு வருடம். வெற்றிடத்தில் உள்ளூர்ப் புல்லை உடனே ஊன்றாவிட்டால் பார்த்தீனியமோ கம்யூனிஸ்ட் பச்சையோ, வேறொரு களை பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே நாளில் 5 ஏக்கர் என்று இறங்காமல், திரும்பத் திரும்பப் போக முடிகிற அரை ஏக்கரை எடுத்துக்கொள்வது மேல்.

இனி இப்படிச் செய்தி போடும்போது, அதே குழு போன வருடம் வெட்டிய இடத்தின் இன்றைய படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

வாசகர்,
கூடலூர், நீலகிரி